பல்கலைக்கழகத் தமிழும் இயந்திரமும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம்மவர் பலரின் கண்முன் நிற்பது ஒரு பெரிய கட்டடம். அதற்கு அடுத்தபடி, கறுப்பு அங்கி அணிந்து பட்டம் வாங்கும் பிள்ளையின் நிழற்படம். அக்கட்டடத்தினுள் கற்பிக்கப்படும் பாடம் எங்கிருந்து வந்தது, அதை வகுத்தவர் யார், எத்தகைய மாணவனை மனத்தில் வைத்து வகுத்தார் என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. பாடத்திட்டம் என்பது மழைபோல் வானத்திலிருந்து இறங்குவதன்று. சிலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, இது வேண்டும், இது வேண்டா என்று தீர்மானிப்பதன் விளைவே அது. அம்மேசையில் இடம் பெற்றவரின் மொழி பாடமாகிறது. இடம் பெறாதவரின் மொழி வாசலில் நிற்கிறது.

சிங்கப்பூர்த் தமிழர் வரலாற்றில் இவ்வுண்மை இருமுறை வெளிப்பட்டது. முதன்முறை 1950களில், புதிய பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறைக்கு எம்மொழி அடிப்படை என்ற வழக்கு எழுந்தபோது. இரண்டாம் முறை 1990களில், கல்வி முழுவதும் கணினியை நோக்கி நகரத் தொடங்க, தமிழெழுத்து அக்கணினியில் ஏறுமா என்ற ஐயம் எழுந்தபோது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி நிகழ்ந்தன என்பதையும் நேயர்கள் கருத வேண்டும். தேக்கா சந்தைக்கு அருகில் தொடங்கும் புக்கித் தீமா சாலையிலேயே நேரே சென்றால் பழைய ராஃபிள்ஸ் கல்லூரி வளாகம் வரும். அதுவே அவ்விடம். செராங்கூன் சாலைத் தமிழனுக்கு அது ஒரு பேருந்துப் பயணம். ஆயினும், அந்த வளாகத்தினுள் அவனுடைய மொழி பாடமாக நுழைவதற்கு எத்தனை பேருடைய உழைப்பும் பணமும் செலவாயின என்பதை எண்ணினால், அத்தூரம் பெரிதே.

கட்டடத்திற்கு வெளியே நிற்பவனுக்குக் கல்வியைக் கொண்டுபோய்ச் சேர்த்த முதற் கருவி கணினியன்று, அஞ்சலே. இங்கிலாந்தில் ஒரு பென்னி செலவில் கடிதம் அனுப்பும் முறை 1840இல் வந்தது. அவ்வாண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் தாம் வகுத்த சுருக்கெழுத்தை அஞ்சல்வழிக் கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் பயிற்சியை எழுதி அனுப்புவர்; அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். 1858இல் லண்டன் பல்கலைக்கழகம், தன் வாசலை மிதியாதவரும் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று விதியை மாற்றியது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆபீஸ் உத்தியோகத்தை நாடிய தலைமுறைகள் பிட்மன் சுருக்கெழுத்தைப் பயின்றே பிழைத்தன. கிராணி வர்க்கத்தைச் சேர்ந்த நாம் இதை மறக்கலாகாது. ஆனால் லண்டன் முறையில் ஒரு குறை இருந்தது. பாடத்தை வகுத்தவர் லண்டனில் இருந்தார். படித்தவன் பினாங்கிலோ கொழும்பிலோ இருந்தான். எவ்விடத்தில் அவன் தடுக்கி விழுந்தான் என்பது வகுத்தவருக்குத் தெரியாது. தேர்ச்சி அல்லது தோல்வி என்ற ஒரு சொல்லே திரும்பி வந்தது. பாடத்தைத் திருத்துவதற்கு அவ்வொரு சொல் போதுமா?

இது நிற்க. 1949 அக்டோபர் 8ஆம் நாள், எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் ராஃபிள்ஸ் கல்லூரியும் இணைந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின. புதிய பல்கலைக்கழகத்தில் இந்திய இயலுக்கு ஒரு துறை வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அத்துறையை எவ்வாறு அமைப்பது என்று ஆலோசனை கூற, சோழர் வரலாற்றை எழுதிப் பெரும்புகழ் பெற்ற பேராசிரியர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் அழைக்கப்பட்டார். அவர் புலமையில் எவரும் குறை காண முடியாது. எனினும் அவர் தந்த அறிக்கை சமஸ்கிருதத்திற்கு முதலிடமும் தமிழுக்கு அதற்கடுத்த இடமும் அளித்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். ரப்பர்த் தோட்டங்களிலும் இரயில் பாதைகளிலும் துறைமுகத்திலும் உழைத்தவர் அவர். அவர்தம் பிள்ளைகள் வருங்காலத்தில் வந்து அமரவேண்டிய வகுப்பறையில் அவர் மொழி இரண்டாமிடம் பெற்றதற்குக் காரணம் என்ன? அறிஞர் தம் ஆராய்ச்சியின் தேவையை நோக்கினார். கற்கப்போகிறவரின் தேவையை நோக்கவில்லை. பாடம் வகுப்போர் இன்றளவும் செய்துவரும் பிழை இதுவே என்பது நம் கருத்து.

இதனை எதிர்த்து எழுந்தவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி அவர்கள். அவர் கையிலிருந்த கருவி அச்சு இயந்திரம். 1935இல் தொடங்கிய அந்நாளேடு தோட்டந்தோறும், கடைதோறும் சென்றது. ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டனர். பல்கலைக்கழகக் குழுவின் மேசையில் நாற்காலி இல்லாத மக்கள், செய்தித்தாளின் பக்கங்களில் தம் கருத்தை வைத்தனர். வாதத்தோடு நில்லாமல் "தமிழ் எங்கள் உயிர்" என்ற பெயரில் நிதியொன்றும் திரட்டப்பட்டது. பால்மரம் சீவியவரும் மூட்டை சுமந்தவரும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தனர். தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பல்கலைக்கழகத்தின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பு இவர்களுக்கு இருந்ததில்லை. 1956இல் இந்திய இயல் துறை தோன்றியபோது தமிழ் அதில் உரிய இடம் பெற்றது. உலகில் எத்தனை பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டம் கூலித் தொழிலாளர் கொடுத்த காசினால் திருத்தப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால், இந்நிகழ்ச்சியின் அருமை விளங்கும்.

ஆனால் சிங்கப்பூர் அப்பயனை நெடுங்காலம் துய்க்கவில்லை. 1959இல் அத்துறை கோலாலம்பூருக்குச் சென்றது. அங்கே தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றதும், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு அந்நகரிலேயே கூடியதும் யாவரும் அறிந்தவை. கடலிடுக்கின் இப்புறம் மலேசியாவுக்கு அது வாழ்வு. அப்புறம் சிங்கப்பூருக்கு அது இழப்பு. தமிழ்வழிப் பள்ளிகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்று மொழியாயிற்று. தமிழ் தாய்மொழிப் பாடம் என்ற ஒரு பாடமாக நின்றது. ஆங்கிலப் பள்ளியில் படித்து, வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த நம் போன்றோர்க்கு இந்நிலை புதிதன்று. மொழி வாயில் இருக்கும். தாளில் எழுத உட்கார்ந்தால் கை தயங்கும். இத்தகைய பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க, நன்கு பயின்ற ஆசிரியர் வேண்டும். ஆசிரியரைப் பயிற்ற உயர்கல்வி வேண்டும். அவ்வுயர்கல்விக்கோ மாணவர் தொகை சிறிது. தொகை சிறிதானால் துறை நடத்தப் பணம் கிடையாது என்பது கணக்கறிந்தோர் வாதம். இம்முடிச்சை அவிழ்க்கப் பின்னாளில் உதவியது ஒரு புதுமுறை. அது பிறந்த இடம் இங்கிலாந்து.

1969இல் அங்கே திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அரச சாசனம் பெற்றது. 1971இல் ஏறத்தாழ 24,000 மாணவரோடு பாடம் தொடங்கியது. சேருவதற்கு முன்தகுதி கேட்கப்படவில்லை. பகலில் தொழில் செய்வோர் இரவில் வீட்டிலிருந்தே கற்றனர். பிபிசி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விரிவுரைகள் வந்தன. அறிவியல் மாணவர்க்கு வீட்டிலேயே சோதனை செய்யக் கருவிப்பெட்டிகள் அஞ்சலில் வந்தன. பத்திரிகைகள் வியந்து எழுதியவை இவைதாம். நாம் வியப்பது வேறொன்று. அங்கே ஒரு பாடத்தை ஒரு பேராசிரியர் தனியே எழுதவில்லை. பொருளறிந்த அறிஞர் சிலர், கற்பிக்கும் முறையை ஆராய்ந்தவர் ஒருவர், ஒலிபரப்பாளர் ஒருவர், பதிப்பாசிரியர் ஒருவர் என ஒரு குழு கூடி எழுதியது. ஒருவர் எழுதியதை மற்றவர் கிழித்தெறியவும் உரிமை இருந்தது. வரைவுப் பாடத்தை மாணவரையொத்த சிலரிடம் கொடுத்து முன்கூட்டியே சோதித்தனர். பாடம் தொடங்கிய பின், மாணவர் விடைகளைக் குறித்தனுப்பிய தாள்களில் ஒரு பகுதியைக் கணினி திருத்தியது. ஆயிரம் பேரில் எழுநூறு பேர் ஒரே வினாவில் தவறினால், குறை எழுநூறு பேரிடத்தும் இருக்க முடியாதன்றோ? ஒன்று வினா கோணலாக இருக்க வேண்டும். அன்றேல் அதற்கு முந்திய பாடப்பகுதி மங்கலாக இருக்க வேண்டும். லண்டனின் பழைய அஞ்சல்முறையில் திரும்பி வராத செய்தி இப்போது இயந்திரத்தின் வாயிலாகத் திரும்பி வந்தது. பாடம் வகுப்பவருக்கு முதன்முறையாகக் காது கிடைத்தது என்றே கூறலாம்.

இம்முறைக்குக் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. அச்சிட்ட பாடத்தை மாற்றுவது பெருஞ்செலவு. ஆதலின் ஒருமுறை எழுதியது பல ஆண்டு ஓடியது. ஆயினும் உலகின் பல நாடுகள் இவ்வழியைப் பின்பற்றின. இந்தியாவில் 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1990 முதல் 1994 வரை அதன் துணைவேந்தராயிருந்தவர் நம் தமிழறிஞர் வா. செ. குழந்தைசாமி அவர்கள். கரூர்ப் பகுதி உழவர் குடியிற் பிறந்து, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் நீரியலில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதையும் எழுதியவர். பொறியியலும் தமிழும் ஒருவரிடத்தே கூடியிருந்த அவ்வாய்ப்பு பின்னர் நமக்குப் பெரிதும் பயன்பட்டது. அதனைக் கீழே கூறுவோம்.

சிங்கப்பூரில் இம்முறை வந்தது 1990களில். பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பட்டப்படிப்பு நடத்தும் பொறுப்பு 1992இல் சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்திற்கு அளிக்கப்பட்டது. 1994இல் வகுப்புகள் தொடங்கின. வேலை செய்வோர்க்கு ஒரு கதவு திறந்தது. ஆனால் அது ஆங்கிலக் கதவு. தமிழ்ப் பாடம் அதில் நுழையவேண்டுமாயின் முதலில் தமிழெழுத்து இயந்திரத்தினுள் நுழைய வேண்டும். அந்நாளில் அதன் நிலை என்ன?

கணினியில் தமிழ் இல்லாமல் இல்லை. பல தமிழ்கள் இருந்தன! அதுவே துன்பம். கனடாவில் ஒருவர் ஒரு மென்பொருள் செய்தார். சுவிட்சர்லாந்தில் ஒருவர் ஓர் எழுத்துரு செய்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு என்ற செயலியை வளர்த்து வந்தார். எல்லாம் தமிழ்ப்பற்றின் விளைவே. ஆனால் ஒவ்வொருவரும் "அ" என்ற எழுத்துக்கு ஒவ்வோர் எண்ணைக் கொடுத்திருந்தனர். ஒரு கணினியில் அடித்த கட்டுரையை மற்றொரு கணினியில் திறந்தால், எழுத்துகள் சிதறி, பொருளற்ற குறிகளாய்க் காட்சியளித்தன. ஆசிரியர் ஒருவர் தாம் எழுதிய பாடத்தை அடுத்த பள்ளி ஆசிரியருக்கு அனுப்ப இயலாது. அச்சுக்கோப்போரின் சுமையையும் கற்போரின் சுமையையும் குறைக்க வேண்டுமென்று பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் இதழிலேயே நடைமுறைப்படுத்தியதையும், தமிழ்நாட்டு அரசு அவற்றுட் சிலவற்றை 1978இல் ஏற்றதையும் நேயர்கள் அறிவர். அன்று ஈயவெழுத்துப் பெட்டி கேட்ட கேள்வியை இப்போது கணினி கேட்டது.

இதற்கு விடைகாண முற்பட்டவர் ஓர் ஆசிரியரும் சிறுகதையாசிரியருமான நா. கோவிந்தசாமி. 1946இல் பிறந்த இவர், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களைப் பயிற்றும் விரிவுரையாளராக இருந்தார். அக்கழகம் 2000ஆம் ஆண்டுவரை இயங்கியது எங்கே? அதே புக்கித் தீமா வளாகத்தில். நாற்பதாண்டுகட்கு முன் தமிழுக்காக வெள்ளி திரட்டப்பட்ட பல்கலைக்கழகத்தின் பழைய மண்ணில், தமிழுக்காகக் கணினி விசைகளை எண்ணிக்கொண்டிருந்தார் இவர். கணியன் என்ற பெயருடன் ஒரு தமிழ் மென்பொருளை உருவாக்கினார். தேசியப் பல்கலைக்கழகத்தில் இணைய ஆராய்ச்சிப் பிரிவை நடத்திய டான் டின் வீ என்ற சீன அறிவியலறிஞர் இவருக்குத் துணை நின்றார். 1995 அக்டோபரில், சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகள் இணையத்தில் ஏற்றப்பட்டு, அதிபர் ஓங் டெங் சியோங் அவர்களால் தொடங்கி வைக்கப்பட்டபோது, ஏனைய மூன்றோடு தமிழும் திரையில் நின்றது. மூன்று மொழிகள் நிற்க, நான்காவதன் இடத்தில் வெற்றிடம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்த 1997ஆம் ஆண்டை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். அவ்வாண்டு ஏப்ரலில் சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு, கல்வியில் தகவல் தொழில்நுட்பத்திற்கான பெருந்திட்டத்தை வெளியிட்டது. செலவு 200 கோடி வெள்ளி. 2002க்குள் இரு மாணவருக்கு ஒரு கணினி. பாடநேரத்தில் நூற்றுக்கு 30 பங்கு கணினியின் துணையோடு. இக்கணக்கு மொழிக்கு மொழி வேறுபடவில்லை. பாடநேரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிக்குச் செல்லும்போது, பொதுவானதோர் எழுத்துக் குறியீடு இல்லாத மொழியின் ஆசிரியர் என்ன செய்வார்? கணக்காசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கணினி அறையில் இருக்க, தமிழாசிரியர் சுண்ணக்கட்டியோடு பழைய அறையில் இருப்பார். பிள்ளைகள் எதை நாளைய மொழி என்றும் எதை நேற்றைய மொழி என்றும் எண்ணுவார்கள்? மொழிப்பற்றைப் பற்றி ஆயிரம் மேடைகளில் முழங்கினாலும் அப்பிள்ளைகளின் எண்ணத்தை மாற்ற முடியாது.

அத்திட்டம் வெளியான மறு மாதமே, 1997 மே 17, 18 ஆகிய நாள்களில், முதல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கூடியது. முன்னின்றவர்களுள் தலையாயவர் கோவிந்தசாமி. பல நாடுகளில் தனித்தனியே எழுத்துரு செய்துகொண்டிருந்தோர் ஒரே கூடத்தில் அமர்ந்தனர். பொது விசைப்பலகை வேண்டும், பொதுக் குறியீடு வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது. ஒவ்வொருவருக்கும் தாம் பெற்ற பிள்ளை பொன்பிள்ளை. ஆதலின் பூசலும் இல்லாமலில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் இரண்டாம் மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகை ஏற்கப்பட்டது. 2000 ஜூலையில் மீண்டும் சிங்கப்பூரில் கூடியபோது, உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. அதைக் காணக் கோவிந்தசாமி இல்லை. 1999 மே மாதத்தில் தம் ஐம்பத்துமூன்றாம் வயதுக்குள் மறைந்தார்.

இவரைக் கணினி முன்னோடி என்று மட்டும் போற்றுவோர் பாதியையே கூறுகின்றனர் என்பது நம் துணிபு. ஆசிரியர்களைப் பயிற்றுவது அவர் தொழில். கணினி அறையில் தமிழ்ப் பாடம் எவ்வாறு நடக்கும் என்ற கேள்வி அவர் மேசையின் மீது நாள்தோறும் கிடந்தது. எழுத்து வேலை அப்பாட வேலைக்கு முற்பட்ட படி. கொல்லன் உலைக்குச் சென்று வெட்டுக்கத்தி அடித்துக்கொண்டு வந்தபின் காட்டைத் திருத்த இறங்கும் உழவனைப் போன்றவர் அவர்.

சென்னை மாநாட்டில் முதலமைச்சர் மு. கருணாநிதி அவர்கள் இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றை அறிவித்தார். அதை வகுத்து அமைக்கும் பொறுப்பு, மேலே குறிப்பிட்ட குழந்தைசாமி அவர்களிடம் வந்தது. 2001 பிப்ரவரி 17இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மழலையர் பாடம், மூன்று நிலைச் சான்றிதழ், பட்டயம், இளநிலைத் தமிழியல் பட்டம் எனப் படிகள் அமைந்தன, மின்னூலகமும் சேர்ந்தது. திறந்தநிலைக் கல்வியின் நுணுக்கத்தை டில்லியில் நேரே நடத்திக் கண்டவர் அதை வகுத்தமையால், புலம்பெயர்ந்த தமிழனின் பிள்ளை எழுத்தறியாமலும் வரலாம், வந்து பட்டம்வரை ஏறலாம் என்ற ஏணி கிடைத்தது. 2010இல் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் மாறிற்று. ஏணியின் மேற்படிகளில் ஏறியோரைவிட அதன் நூலகத்தில் நுழைந்தோரே மிகுதி என்பது நம் அனுமானம், அதுவும் குறையன்று.

சிங்கப்பூரில் இதற்கிடையே தேசியப் பல்கலைக்கழகம் 1998இல் ஐவிஎல்இ என்ற இணையக் கற்றல் தளத்தைத் தானே உருவாக்கியிருந்தது. விரிவுரைக் குறிப்பு, வினாப்பயிற்சி, கலந்துரையாடல் யாவும் ஓரிடத்தில் வந்தன. இருபதாண்டுகட்குமேல் அது பயன்பட்டது. இத்தகைய தளங்கள் பாடம் வகுப்பவருக்குத் தரும் நன்மை பெரிது. எப்பக்கத்தை எத்தனை பேர் திறந்தனர், எவ்வினாவில் பெரும்பாலோர் வழுக்கினர், எந்த வாரத்தில் மாணவர் மறையத் தொடங்கினர் என்பன உடனுக்குடன் தெரிகின்றன. அன்று பிரித்தானியாவில் அஞ்சலில் வந்த தாள்களைத் திருத்தித் தேடியதை இன்று ஒரே மாலையில் காணலாம். கண்டதைக் கொண்டு அடுத்த வாரப் பாடத்தையே மாற்றலாம்.

ஈற்றில் தமிழுக்கும் கதவு திறந்தது. சிங்கப்பூர் நிர்வாகக் கழகத்தின் திறந்தநிலைப் பட்டப்படிப்பு 2005இல் சிம் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. 2006இல் அங்கே தமிழ்மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டப்படிப்பு தொடங்கியது. பகலில் உத்தியோகம், மாலையில் கிளெமெண்டி சாலையில் வகுப்பு, இரவில் வீட்டில் பாடவழிகாட்டி நூல். தொகை சிறிதானால் துறை நடத்த முடியாது என்ற பழைய முடிச்சு இவ்வாறு அவிழ்ந்தது. வேலை செய்யும் முதியோரையும் சேர்த்து எண்ணினால் தொகை சிறிதன்று; பாடநூலை ஒருமுறை செம்மையாக எழுதிவிட்டால், ஆண்டுதோறும் அதைத் திருத்திப் பயன்படுத்தலாம். 2017இல் அது சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரில் நாட்டின் ஆறாவது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாயிற்று. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றினால் நகரமே வீட்டினுள் அடங்கியபோது, வகுப்பறைகள் யாவும் திரைக்கு மாறின. அப்பொழுது தமிழ் ஆசிரியரும் ஏனையோரைப்போல் திரையில் தமிழெழுத்தை அடித்துப் பாடம் நடத்தினர். எழுத்துச் சிதறும் என்ற அச்சம் எவருக்கும் எழவில்லை. பல நாட்டு முயற்சியால் யூனிகோடு என்ற உலகப் பொதுக்குறியீட்டில் தமிழ் நிலைபெற்றுவிட்டமையே காரணம்.

இயந்திரத்தைப் புகழ்ந்துகொண்டே செல்வது நம் நோக்கமன்று. தோட்டத்தில் நாம் எழுதும் செக்ரோல் இன்ன நாளில் இன்னார் வேலைக்கு வந்தார் என்று காட்டும். வராதவர் ஏன் வரவில்லை என்று அது காட்டாது. காய்ச்சலா, குழந்தைக்கு உடம்புக்காகாமையா, மண்டோரோடு மனத்தாங்கலா என்பதை லயத்திற்குப் போய்க் கேட்டவரே அறிவார். கணினி தரும் கணக்கும் ஒரு செக்ரோலே. ஆறாம் வாரத்தில் பதினைந்து பேர் பாடத்தைத் திறக்கவில்லை என்று அது சொல்லும். பழைய உரைநடையின் கடுமையினாலா, அவ்வாரம் இரவு வேலை விழுந்ததனாலா என்பதை மாணவரிடமே கேட்க வேண்டும். நாம் சில ஆண்டுகட்கு முன் பெயர் கூற வேண்டாத ஒரு நிறுவனத்தில் இணையவழிப் படிப்பொன்றில் சேர்ந்தோம். பழைய அச்சுப் பாடநூலைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துத் திரையில் ஏற்றியிருந்தனர், அதற்குமேல் ஒன்றுமில்லை. கைப்பேசியில் விரலால் தள்ளித்தள்ளி ஒரு வரியைப் படிப்பதற்குள் முந்திய வரி மறந்துபோயிற்று. மூன்றாம் மாதத்தில் நாமும் மறைந்தோம். ஏன் என்று கேட்டு ஒரு கடிதமும் வரவில்லை. பிட்மன் 1840இல் திருத்தி அனுப்பிய தாள் இதைவிட மேலானதன்றோ?

கற்பதற்கு நூல் வேண்டும். கற்பிப்பவர் உள்ளூர் இலக்கியத்தைப் பாடத்தில் வைக்க விரும்பினாலும், முந்நூறு படி மட்டும் அச்சாகித் தீர்ந்துபோன நூலை மாணவர் எங்கே தேடுவர்? இதற்கும் ஒரு பணி நடந்துள்ளது. சிங்கப்பூர் விடுதலை பெற்ற 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்வடிவாக்கும் திட்டத்தைச் சமூகத்தார் அருண் மகிழ்நன் அவர்கள் தலைமையில் தொடங்கினர். தேசிய நூலக வாரியம் துணைநின்றது. தன்னார்வலர்கள் எழுத்துப் பிழை பார்த்தனர். 2015 ஆகஸ்டில் ஏறத்தாழ 350 நூல்களோடு அத்தொகுப்பு நாட்டிற்கு அளிக்கப்பட்டது. அறுபதாண்டுகட்கு முன் வெள்ளி கொடுத்தவர்கள். இப்போது மாலைநேரம் கொடுத்தவர்கள்.

இன்று செயற்கை நுண்ணறிவு என்ற இயந்திரம் வந்துள்ளது. வினாத்தாள் வரையும், பாடச்சுருக்கம் எழுதும், மாணவன் கட்டுரையைத் திருத்தும். ஆங்கிலத்தில் சரளமாகச் செய்வதைத் தமிழில் தடுமாறிச் செய்கிறது. காரணம், அது பயிலும் பனுவல்களில் தமிழின் பங்கு சிறிது. 1997இல் எழுத்துக் குறியீட்டில் நின்ற வழக்கே இங்கும் வேறுருவில் நிற்கிறது. சிங்கப்பூர் 2023இல் வெளியிட்ட சீ-லயன் என்ற தென்கிழக்காசிய மொழி மாதிரியில் தமிழும் சேர்க்கப்பட்டுள்ளது. அதற்கு எத்தகைய தமிழ் ஊட்டப்படும், கிளெமெண்டியிலும் கோலாலம்பூரிலும் பாடம் வகுப்போர் அதைச் சோதித்துப் பார்த்துக் குறை கூறுவரா என்பன இன்னும் தீரவில்லை. மேற்சொன்ன 350 நூல்களுள் பல தேசிய நூலக வாரியத்தின் இணையத்தளத்தில் உள்ளன. தோட்டத்திலிருந்தும் கைப்பேசியில் திறந்து படிக்கலாம்.